பொம்மைத் தேர் நிலைக்கு வரணும்: வீட்டு வேலைய புள்ளைங்க விளையாட்டா பண்ண எப்படி ஆரம்பிக்கிறது

எங்க வீட்டு ஹால்ல வாரத்துல நாலு நாளாவது தேர் ஓடும். மிக்ஸி வாங்குனப்ப வந்த அட்டைப்பெட்டி, முன்னாடி ரெண்டு ஓட்டை போட்டு பழைய பாவாடை நாடாவ கோத்து கட்டியிருக்கு, அதான் வடம். சின்னவனுக்கு மூணரை வயசு, அவன் வடம் புடிப்பான். பெரியவளுக்கு ஏழு நடக்குது, அவ அழிரப்பர கையில வச்சிக்கிட்டு கூடவே குனிஞ்சு வந்து முட்டுக்கட்டை போடுவா. சோபா முக்குல தேர் நிக்கும், அங்க கெடக்குற கரடி, கார், பாதி உடைஞ்ச டைனோசர் எல்லாம் ஏறும், அப்புறம் ஜன்னல் பக்கத்து வீதி, டிவி பக்கத்து வீதின்னு நாலு வீதியும் சுத்தி கடைசில அலமாரி கிட்ட வந்து நிக்கும். "தேர் நிலைக்கு வந்துருச்சு"ன்னு ரெண்டும் கத்தும்போது ஹால்ல ஒரு பொம்மை கூட தரையில இருக்காது.

நாங்க திருவாரூர் பக்கம். ஆழித்தேர் ஓடுற அன்னைக்கு கூட்டத்துல தோள்மேல ஒக்காந்து பாத்த புள்ளைங்க இதுங்க, அவ்ளோ பெரிய தேர திருப்புறதுக்கும் நிறுத்துறதுக்கும் சக்கரத்துக்கு அடியில முட்டுக்கட்டை போடுறவங்கள பெரியவ கண்ணு கொட்டாம பாத்துட்டு நின்னா. வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் கழிச்சு அவளா ஆரம்பிச்சதுதான் இது. நான் அந்த அட்டைப்பெட்டிய குப்பையில போடாம வச்சிருந்தேன், அவ்ளோதான் என் பங்கு. இத மொதல்லயே சொல்றதுக்கு காரணம் இருக்கு. அதுக்கு முன்னாடி, வீட்டு வேலைய விளையாட்டா மாத்தலாம்னு நான் புதுசா ஆரம்பிச்சப்ப கதைய நானே யோசிச்சு, வேஷத்தையும் நானே குடுத்து, "வா செல்லம் நீதான் சுத்தம் பண்ற ராணி"ன்னு கூப்பிட்டுப் பாத்தேன், மூணாவது நாளே அவ கண்டுபுடிச்சுட்டா, "அம்மா நீ என்ன வேலை வாங்குறதுக்குதான் இப்டி பேசுற"ன்னு மூஞ்சிக்கு நேரா கேட்டா. அது எனக்கு நல்லா உறைச்சுது. புள்ளைய ஏமாத்தி வேலை வாங்குறது வேற, புள்ளை ஏற்கனவே விளையாடிட்டு இருக்குற விளையாட்டுக்குள்ள ஒரு நிஜ வேலைக்கு எடம் பாக்குறது வேற. கீழ எழுதியிருக்குறது எல்லாமே ரெண்டாவத எப்படி பண்றதுன்னுதான்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி

சின்னக் குழந்தைங்களுக்கு வேலை பிடிக்காதுன்னு நாம நெனக்கிறதே தப்பு. ஃபெலிக்ஸ் வார்னகன், மைக்கேல் டொமசெல்லோன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 2006ல ஒண்ணு பண்ணாங்க, துணி காயப்போடுறவர் கிளிப்ப கீழ விட்டுட்டு எட்டாத மாதிரி கைய நீட்டுவார், அவ்ளோதான். ஒன்றரை வயசு குழந்தைங்க, யாரும் கேக்காம, யாரும் பாராட்டாம, தத்தித் தத்தி வந்து எடுத்துக் குடுத்துச்சுங்க. உங்க வீட்லயும் இது நடந்திருக்கும், நீங்க பெருக்கும்போது தொடப்பத்த புடுங்க வந்திருக்கும், நாம என்ன பண்ணியிருப்போம், "போ அந்தப் பக்கம், தூசி"ன்னு தொரத்தியிருப்போம். அப்புறம் எட்டு வயசுல "ஒரு வேலை செய்ய மாட்டேங்குது"ன்னு வருத்தப்படுவோம்.

இன்னொன்னு ரஷ்யால வைகோட்ஸ்கின்னு ஒரு உளவியல் அறிஞர், 1933ல விளையாட்டப் பத்தி ஒரு உரை குடுத்தாரு. அதுல ஒரு எடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். நிஜமாவே அக்கா தங்கச்சியா இருக்குற ரெண்டு பொண்ணுங்க, அஞ்சு வயசு ஏழு வயசு, "வா அக்கா தங்கச்சி விளையாட்டு விளையாடலாம்"னு விளையாடுதுங்க. நிஜத்துல எப்டியோ இருக்குற ரெண்டு பேரும் விளையாட்டுன்னு வந்ததும் "அக்கான்னா இப்டித்தான் இருக்கணும், தங்கச்சின்னா இப்டித்தான்"னு ரூல் போட்டு அத மீறாம நடந்துக்குதுங்க. அதாவது கற்பனை விளையாட்டுல விதியே இல்லன்னு நாம நெனக்கிறோம், நிஜத்துல அங்கதான் விதி ரொம்ப கறாரா இருக்கு, ஆனா அது புள்ளை தானா போட்டுக்கிட்ட விதி. என் மவன் நான் சொன்னா பொம்மைய எடுத்து வைக்க மாட்டான், ஆனா தேர் நிலைக்கு வராம பாதியில நின்னா அவனால தாங்கவே முடியாது, அழுதுருவான்.

நம்ம ஊருக்கும் இது ஒண்ணும் புதுசில்ல. பிள்ளைத்தமிழ்ல சிற்றில், சிறுதேர்னு பருவமே பிரிச்சு வச்சிருக்காங்க, மணல்ல வீடு கட்டி மணல்சோறு ஆக்குற பொண்ணுங்க, குட்டித்தேர் உருட்டுற பசங்க. சொப்பு சாமான் வச்சு ஆக்காத புள்ளை யாரு. பெரியவங்களும்தான், ஏத்தம் எறைக்கிறவங்க பிள்ளையார கும்பிட்டு ஆரம்பிச்சு எத்தனை சால்னு பாட்டுலயே எண்ணிக்கிட்டு எறைச்சாங்க, உலக்கை போடுறவங்களுக்கு வள்ளைப்பாட்டு, நாத்து நடுறவங்களுக்கு நடவுப்பாட்டு. கை ஒரே வேலைய திரும்பத் திரும்ப செய்யும்போது மனசுக்கு வேற ஒண்ணு வேணும், அது அவங்களுக்கும் தெரிஞ்சிருக்கு.

படி 1: ஒரு வாரம் சும்மா பாருங்க

எதையும் ஆரம்பிக்காதீங்க. புள்ளை இப்ப என்ன விளையாடுதுன்னு மட்டும் பாருங்க. பஸ்ஸா, டாக்டரா, கடையா, யானையா, பாட்டி வீட்டுக்குப் போறதா. அதோட வாயில வர்ற வார்த்தைய கவனிங்க, அதுதான் பின்னாடி உங்களுக்கு வேணும். என் மவன் அந்த நேரத்துல பஸ் கண்டக்டர். எத பாத்தாலும் "டிக்கெட் டிக்கெட்", குளிச்சு முடிச்சா "ரைட் போலாம்". தினமும் நாங்க டவுன் பஸ்ல போய்ட்டு வர்றதால வந்தது. பக்கத்து வீட்டுப் பொண்ணுக்கு எப்பப் பாத்தாலும் கல்யாணம்தான், துண்டுல பொடவ கட்டிக்கிட்டு மாலை மாத்திக்கிட்டே இருக்கும். இந்த ரெண்டு புள்ளைங்களுக்கும் ஒரே கதை செட் ஆகாது, அதனாலதான் நெட்ல இருக்குற ரெடிமேட் ஐடியா பாதி நேரம் ஊத்திக்குது.

படி 2: ஒரே ஒரு வேலைய எடுங்க, முடிவு கண்ணுக்குத் தெரியணும்

"வீட்ட சுத்தம் பண்ணு" அப்டிங்கறது ஒரு வேலையே இல்ல, நமக்கே அது எங்க முடியும்னு தெரியாது. முருங்கைக்கீரை உருவுறது வேலை, ஏன்னா காம்பு தனியா கீரை தனியா ஆனா முடிஞ்சுது. பச்சைப் பட்டாணி உரிக்கிறது, துணி மடிக்கிறது, செருப்ப ஜோடி சேக்குறது, பாய் சுருட்டுறது, தட்டு டம்ளர் எடுத்து வைக்கிறது, செடிக்கு தண்ணி, இதெல்லாம் நல்ல ஆரம்பம். காலையில ஸ்கூல் வேன் வர்ற நேரத்துல ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீங்க, அப்ப உங்களுக்கும் பொறுமை இருக்காது, கதையும் பாதியில அறுந்து போகும். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் சரியான நேரம்.

படி 3: சாமான் புள்ளை கைக்கு அடக்கமா, ஆனா நிஜமா இருக்கணும்

இதுல நெறைய பேர் சறுக்குறாங்க. பிளாஸ்டிக் பொம்மை தொடப்பம் வாங்கிக் குடுப்பாங்க, அதுல ஒரு தூசியும் போகாது, புள்ளைக்கு ரெண்டு நிமிஷத்துல அது பொய்யின்னு புரிஞ்சுரும். பழைய பூந்தொடப்பத்தோட கைப்பிடிய பாதியா அறுத்து முனைய துணி சுத்தி குடுங்க. ஊத்துறதுக்கு சின்ன சொம்பு, தொடைக்க பழைய பனியன கிழிச்ச துணி, அது கைக்குள்ள அடங்கும். கீரைக்கு ஒரு சின்ன முறம் கெடைச்சா ரொம்ப நல்லது.

மரியா மாண்டிசோரி அம்மா 1907 ஜனவரியில ரோம் நகரத்துல சான் லொரென்சோன்னு ஒரு ஏழைங்க பகுதியில மொதல் குழந்தைகள் இல்லத்த ஆரம்பிச்சப்ப கவனிச்சதே இதான், நல்ல பொம்மைங்க இருந்தும் புள்ளைங்க அத விட்டுட்டு நிஜமான வேலைக்குத்தான் போச்சுங்க, ஊத்துறது, பெருக்குறது, கை கழுவுறது, பட்டன் போடுறது. அவங்க 1939ல சென்னை அடையாறுக்கு வந்து பயிற்சி குடுத்தாங்க, போர் காலத்துல கொடைக்கானல்லயும் இருந்தாங்க, அதனால நம்ம ஊர்ல பழைய மாண்டிசோரி டீச்சருங்க கிட்ட அந்த சின்ன சைஸ் சாமான் பழக்கம் இன்னும் இருக்கு. ஒரு விஷயம் நேர்மையா சொல்லணும், சின்னக் குழந்தைங்களுக்கு கற்பனைக் கதைய விட நிஜ வேலைதான் முக்கியம்ங்கறது அவங்க கட்சி. நான் அவங்க கிட்டேர்ந்து சாமான எடுத்துக்கறேன், கதைய எம் புள்ளைங்க கிட்டேர்ந்து எடுத்துக்கறேன். வீட்டுக்கு ரெண்டும் வேணும்னுதான் எனக்குத் தோணுது.

படி 4: ஒரு தடவை மெதுவா, பேசாம செஞ்சு காட்டுங்க

பேசிக்கிட்டே காட்டுனா புள்ளை நம்ம வாயப் பாக்கும், கையப் பாக்காது. ஒரு முருங்கைக் கொத்த எடுங்க, நுனிய புடிங்க, ரெண்டு வெரலால மேலேர்ந்து கீழ இழுங்க, எலை முறத்துல விழட்டும், காம்ப அந்தப் பக்கம் வைங்க. ரெண்டு மூணு கொத்து இதே வேகத்துல. துணின்னா மொதல்ல கைக்குட்டை, அப்புறம் துண்டு, சட்டைய ஒழுங்கா மடிக்கிறதெல்லாம் ஆறு வயசுக்கு மேல போதும்.

படி 5: கதைக்கு ஒரே ஒரு வரி, அப்புறம் வாய மூடிக்கணும்

இதுதான் கஷ்டமான படி, எனக்கு இன்னும் முழுசா வரல. நீங்க ஒரு வரி போடணும், மிச்சம் புள்ளை போடும். முருங்கைக்கீரைய எடுத்தப்ப நான் சொன்னது "அய்யோ இவங்க எல்லாருக்கும் எவ்ளோ முடி வளந்திருக்கு பாரு" அவ்ளோதான். பெரியவ ஒடனே சலூன் ஆரம்பிச்சுட்டா, ஒவ்வொரு கொத்தும் ஒரு கஸ்டமர், "அண்ணே ஒக்காருங்க, மொட்டையா கட்டிங்கா", ஒரு கொத்துக்கு கோயிலுக்கு வேண்டுதல் அதனால மொட்டை, இன்னொன்னு நாளைக்கு கல்யாண மாப்பிள்ளை. ஒரு கட்டு கீரை முடிஞ்சுது, எனக்கு எடையில ஒரு வார்த்தை பேச வாய்ப்பு கெடைக்கல. நான் மட்டும் எடையில பூந்து "சரி சரி அந்தக் காம்பு கீழ விழுதுடி"ன்னு சொல்லியிருந்தா சலூன் அங்கயே மூடியிருக்கும்.

சின்னவனுக்கு துணி பஸ்சு. கட்டில்தான் பஸ் ஸ்டாண்டு, அலமாரித் தட்டு ஒவ்வொண்ணும் ஒரு ஊரு. துண்டு எல்லாம் கும்பகோணம், அப்பா சட்டை எல்லாம் தஞ்சாவூர், அவனோட டவுசர் எல்லாம் பாட்டி ஊரு. மடிக்காத துணிக்கு டிக்கெட் கெடையாதுன்னு அவனே ரூல் போட்டான். ஓரத்துல தொங்கிட்டு இருக்குற சட்டையப் பாத்து "படியில நிக்காதீங்க சார், உள்ள போங்க"ம்பான். மடிக்கிறது எல்லாம் கசங்கித்தான் இருக்கும். பரவால்ல.

படி 6: நீங்களும் ஒரு சின்ன வேஷம் எடுத்துக்கணும்

டைரக்டர் வேஷம் வேணாம், கூட்டத்துல ஒருத்தர் போதும். பஸ்ல நான் சில்லறை இல்லாத பயணி. பந்தி விளையாட்டுல நான் லேட்டா வந்த சொந்தக்காரங்க. பந்தி விளையாட்டுங்கறது தட்டு வைக்கிற வேலைதான், பக்கத்து வீட்டுப் பொண்ணுக்கு கல்யாணம் பிடிக்கும்னு சொன்னேன்ல, அவங்க அம்மா கிட்ட இத சொன்னேன், இப்ப அவங்க வீட்ல தெனம் ராத்திரி பந்தி. எத்தனை பேர் சாப்பிடப் போறாங்கன்னு எண்ணி அத்தனை தட்டு, தண்ணி டம்ளர் வலது பக்கம், உப்பு ஓரத்துல, அப்புறம் "எல ரெடி, ஒக்காரலாம்"னு அதட்டும். அந்தப் புள்ளைக்கு எண்ணிக்கையே அங்கதான் வந்துச்சுன்னு அவங்க அம்மா சொல்றாங்க.

வேஷத்துக்கு ஒரு தெம்பு இருக்கு. 2017ல அமெரிக்காவுல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, நாலு வயசு ஆறு வயசு புள்ளைங்கள ஒரு போர் அடிக்கிற வேலைய பத்து நிமிஷம் செய்யச் சொல்லி, பக்கத்துலயே கேம் இருக்குற டேப்லெட்டையும் வச்சுட்டாங்க, எப்ப வேணா போய் விளையாடலாம். ஒரு பகுதி புள்ளைங்க "நான் நல்லா செய்றேனா"ன்னு தன்னத் தானே கேட்டுக்கணும், இன்னொரு பகுதி தன் பேரச் சொல்லி கேட்டுக்கணும், மூணாவது பகுதி பேட்மேன் மாதிரி யாராவது ஒருத்தரா வேஷம் போட்டுக்கிட்டு "பேட்மேன் நல்லா உழைக்கிறாரா"ன்னு கேட்டுக்கணும். வேஷம் போட்ட புள்ளைங்கதான் அதிக நேரம் வேலையில நின்னுச்சுங்க. அதனால புள்ளை சோர்ந்து போகும்போது "ஏன் நிறுத்திட்ட"ன்னு கேக்காம "கண்டக்டர் சார், தஞ்சாவூர் பஸ் எத்தனை மணிக்கு எடுப்பீங்க"ன்னு கேட்டுப் பாருங்க. இது என் வீட்ல பத்துக்கு ஏழு தடவை வேலை செய்யுது. மிச்ச மூணு தடவை புள்ளைக்கு நிஜமாவே பசி, இல்ல தூக்கம்.

படி 7: கதைக்குள்ளயே முடிக்கணும்

தேர் நிலைக்கு வர்றது, பஸ் டிப்போவுக்குப் போறது, சலூன் ஷட்டர் எறக்குறது, இப்படி ஒரு முடிவு வேணும். அது இல்லாம "சரி போதும், வா குளிக்க"ன்னு வெட்டுனா அடுத்த நாள் வராது. நேரம் ஆச்சுன்னா "கடைசி பஸ்சு, கடைசி பஸ்சு"ன்னு ஒரு குரல் குடுங்க, அது முடிவையும் சொல்லிரும், கதையையும் கெடுக்காது. மூணு நாலு வயசுக்கு அஞ்சு நிமிஷம் போதும், ஆறு ஏழுக்கு கால் மணி நேரம். அதுக்கு மேல ஓடுனா அது அவங்களா ஓட்டுறதா இருக்கணும்.

படி 8: புள்ளை கண்ணு முன்னாடி திரும்ப செய்யாதீங்க

அவன் மடிச்சு வச்ச துண்ட அவன் பாக்கும்போதே எடுத்து உதறி நீங்க மடிச்சா, அவன் செஞ்சது பொம்மை வேலை, நீங்க செய்றதுதான் நிஜம்னு அவனுக்கு அர்த்தம் ஆயிரும். கசங்குன துண்டாலயும் தல தொவட்டலாம். கீரையில காம்பு இருந்தா நீங்க அலசும்போது பொறுக்கிக்கலாம், அத யாரும் பாக்கப் போறதில்ல.

காசு, சாக்லேட், ஸ்டார் ஒட்டுற சார்ட்டு, இதெல்லாம் எனக்கு ஒப்பல. ஆரம்பத்துல சொன்னேன்ல, வார்னகன், டொமசெல்லோ, அதே ரெண்டு பேர் 2008ல இன்னொன்னும் பாத்தாங்க, உதவி பண்ணதுக்கு பொம்மை பரிசு வாங்குன இருபது மாசக் குழந்தைங்க அப்புறம் பரிசு இல்லாதப்ப உதவி பண்றது கொறஞ்சு போச்சு. சும்மா இருந்திருந்தா தானா செஞ்சிருக்குங்க. அதுக்குப் பதிலா நடந்தத சொல்லுங்க, "நீ உருவுன கீரைதான் இந்தப் பொரியல்"னு சாப்பிடும்போது அப்பாகிட்ட சொன்னா போதும், அன்னைக்கு பெரியவ ரெண்டாவது தடவை கீரை கேட்டு வாங்கி சாப்பிட்டா.

வயசு வாரியா கொஞ்சம்

ஒன்றரையிலேர்ந்து மூணு வரைக்கும் கதையே வேணாம், உங்க கூட செய்றதுதான் அவங்களுக்கு விளையாட்டு. கிளிப் எடுத்துக் குடுக்கறது, உருளைக்கிழங்க கூடையிலேர்ந்து கூடைக்கு மாத்துறது. மூணுலேர்ந்து ஏழுதான் கதை பொங்குற காலம், மேல எழுதுனது எல்லாம் அவங்களுக்கு. எட்டுக்கு மேல "வா பஸ் விளையாடலாம்"னு கூப்பிட்டா கூச்சப்படுவாங்க. அவங்களுக்கு நிஜமான பொறுப்பும் கொஞ்சம் அதிகாரமும் குடுக்கணும், ஞாயித்துக்கிழமை சட்னி முழுக்க உன்னோடது, என்ன சட்னின்னு நீயே முடிவு பண்ணு, கடைக்கு லிஸ்ட்டும் நீயே எழுதுன்னா அதுல ஒரு ஹோட்டல் தொறந்து மெனு கார்டு எழுதி விலை வரைக்கும் போட்டுருவாங்க. என் அண்ணன் மவன் பத்து வயசு, மொட்டை மாடிச் செடிக்கு தண்ணி ஊத்துறத ஆத்துல மொறை வச்சு தண்ணி விடுற மாதிரி ஆக்கிட்டான், நோட்டுல எந்தத் தொட்டிக்கு எந்த நாள்னு அட்டவணை, தக்காளிதான் கடைமடை விவசாயி, தண்ணி வந்து சேரலன்னு புகார் குடுக்கும். டெல்டாக்காரப் புள்ளை வேற எப்டி விளையாடும்.

இதெல்லாம் நடக்கும், பயப்படாதீங்க

கதை வேலைய விட்டு ஓடிரும். கண்டக்டர் பஸ்ஸ நிறுத்திட்டு டீ குடிக்கப் போய்ட்டாரு, வர்றாரான்னே தெரியல. அஞ்சு நிமிஷம் விடுங்க, அப்புறம் பயணியா இருந்து கூப்பிடுங்க, வரலன்னா மிச்சத் துணிய நீங்க மடிச்சுருங்க, சண்ட வேணாம். ரெண்டு புள்ளைங்க ஒரே வேஷத்துக்கு அடிச்சுக்கும், எங்க வீட்ல ரெண்டு பேருக்குமே முட்டுக்கட்டைதான் வேணும்னு ஒரு வாரம் ஒரே அழுக. ஒரு வீதிக்கு ஒருத்தர்னு பெரியவளே தீர்ப்பு சொன்னா, நான் சொல்லியிருந்தா கேட்டிருக்க மாட்டாங்க. ஒரு விளையாட்டு ரெண்டு மூணு வாரத்துல செத்துப் போகும், அத உயிர் குடுத்து எழுப்பாதீங்க, மறுபடி படி 1க்குப் போங்க, இப்ப என்ன விளையாடுதுன்னு பாருங்க.

பாட்டி தாத்தா சில பேர் "பச்சப்புள்ளைய வேலை வாங்குறா"ம்பாங்க. அவங்க கிட்ட வாதாடாம அவங்கள பந்தியில மொத எலையில ஒக்கார வைங்க. எங்க மாமியார் ரெண்டாவது நாளே "ரசம் வரலியே யாருங்க அங்க"ன்னு குரல் குடுக்க ஆரம்பிச்சுட்டாங்க, அவங்களுக்குத் தெரிஞ்ச கல்யாண வீட்டுப் பேச்சுல பாதி எனக்கே புதுசு. ஆனா அவங்க சொல்றதுல ஒரு நியாயமும் இருக்கு, புள்ளையோட தூக்கம், படிப்பு, சும்மா ஓடியாடுற நேரம், இத எதையும் வேலை திங்கக் கூடாது. திங்குதுன்னா அதுக்கு எவ்ளோ அழகா கதை கட்டுனாலும் அது விளையாட்டு இல்ல.

இன்னொன்னும் மனசுல வச்சிக்கோங்க. பொண்ணு தொடப்பம், பையன் கார் தொடைக்கிறது அப்டின்னு பிரிஞ்சா நாமளே ஒரு வேலைய நாலு வயசுலயே பொண்ணு தலையில கட்டுறோம்னு அர்த்தம். எங்க வீட்ல கீரை சலூன்ல இப்ப சின்னவனும் வேலைக்கு சேந்துட்டான், வெங்காயத்தோல் உரிக்கிற அப்பாவும் சில நாள் அந்த சலூனுக்கே கஸ்டமரா வந்து ஒக்காருவாரு.

கட்டாயம் பாத்துக்க வேண்டியது

தண்ணி வேலை முடிஞ்சதும் வாளிய ஒடனே கவுத்துருங்க, ரெண்டு இஞ்ச் தண்ணியே ஒரு சின்னக் குழந்தை மூழ்குறதுக்குப் போதும், தலை கனத்துல உள்ள கவுந்தா அதால எந்திரிக்க முடியாது. "போன் பேசிட்டு வந்துர்றேன்"னு கூட நகராதீங்க. பினாயில், ஆசிட், பாத்ரூம் கழுவுற லிக்விட் எதுவும் எந்த விளையாட்டுலயும் வரக்கூடாது, அத கூல்டிரிங்ஸ் பாட்டில்ல ஊத்தி வைக்கிற பழக்கம் இருந்தா இன்னைக்கே நிறுத்துங்க. தொடைக்கிறதுக்கு புள்ளைக்கு வெறும் தண்ணி போதும். பட்டாணி, கடலை, புளியங்கொட்டை மாதிரி உருண்டைச் சாமான மூணு நாலு வயசுப் புள்ளைங்க மூக்குலயும் வாயிலயும் போட்டுக்கும், தொண்டையில அடைச்சிரும், அதனால பக்கத்துல ஒக்காந்து மட்டும்தான், இல்லன்னா கீரையோட நிறுத்திக்கோங்க. அடுப்பு, குக்கர், கிரைண்டர் பக்கம் கதையே கூடாது. அங்க வேஷம் போட்டா புள்ளை வேஷத்த நம்பி கைய நீட்டிரும், கற்பனைக்கு சூடு தெரியாது.

மிக்ஸி பெட்டி ஒரு பக்கம் கிழிஞ்சுருச்சு, போன வாரம் பேக்கிங் டேப் ஒட்டியிருக்கோம், இன்னும் ரெண்டு மூணு ஓட்டம் தாங்கும். பெரியவ அதுக்கப்புறம் தேர் வேணாம்ங்கறா, கப்பல் வேணுமாம். பொம்மை எல்லாம் கடல்ல விழுந்து தத்தளிக்குதாம், இவங்க போய் ஏத்திட்டு வரணுமாம். சின்னவனுக்கு வடம் இல்லாம எப்டின்னு ஒரே கவலை, கப்பலுக்கும் கயிறு உண்டுன்னு அக்கா சொல்லி வச்சிருக்கா. பக்கத்து வீட்ல ஃப்ரிட்ஜ் வாங்கப் போறாங்களாம், அந்தப் பெட்டிய எங்களுக்குத் தரச் சொல்லி நான் இப்பவே கேட்டு வச்சிருக்கேன்.